வில்லுக்கத்தியின் உட்டகடு

ஒரு கருவியைக் கையில் எடுப்போர் முதலில் நோக்குவது அதன் தொழில்செய்யும் உறுப்பையே. கத்தியாயின் அலகின் கூர்மையை விரல்நுனியால் தடவிப் பார்ப்பர். அதன்பின் பிடியின் அழகை நோக்கி, அது கொம்போ, எலும்போ, கருங்காலியோ, சிப்பியோ என வினாவுவர். அலகுக்கும் பிடிக்கும் இடையே மறைந்து நின்று, அவ்விரண்டையும் ஒரு கருவியாக்கி வைத்திருக்கும் உறுப்பைப் பற்றி வினாவுவோர் மிகச் சிலரே. அவ்வுறுப்பின் தொழில், அது செய்யப்படும் பொருள், காலந்தோறும் அது அடைந்த மாற்றம் என்பனவற்றை முறையே எடுத்துரைத்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் கத்தியை எம்மவர் வில்லுக்கத்தி என வழங்குவர். பெயர் பொருத்தமானதே. அதன் முதுகிலே நீண்ட உருக்கு வில்லொன்று உண்டு. அலகை விரித்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் நிறுத்துவது அவ்வில்லேயாம். ஆயினும், அந்த வில்லைத் தாங்குவது எது என்னும் வினாவுக்குப் பெயரிலே விடையில்லை. பிடியின் இருபுறத்துள்ள கொம்பு அல்லது எலும்புத் துண்டுகளைக் கழற்றிப் பார்ப்போமாயின், அவற்றின் உட்புறத்தே பக்கத்துக்கு ஒன்றாக இரு மெல்லிய உலோகத் தகடுகள் இருத்தலைக் காண்போம். இத்தகட்டை ஆங்கிலேயர் 'லைனர்' என்றும் பிரெஞ்சு மக்கள் 'பிளாத்தீன்' என்றும் கூறுவர். நாம் இதனை உட்டகடு எனக் குறிப்போம்.

ஆங்கிலப் பெயர் சிறிது மயக்கந் தருவதாகும். சட்டையின் உட்புறத்தே வைத்துத் தைக்கும் துணிக்கும் அதனோடொத்த சொல்லையே அவர்கள் ஆளுவர். உட்டுணி சட்டைக்கு ஓர் உபகாரமேயன்றி அதன் உயிர் அன்று. அதனை நீக்கினும் சட்டை சட்டையாகவே இருக்கும். வில்லுக்கத்தியின் உட்டகடோ அத்தகையதன்று. அதுவே கத்தியின் எலும்புக்கூடு. வெளியே தோன்றும் கொம்புந் தந்தமும் அதன்மேற் போர்த்த ஆடை. இவ்வுண்மையை நிறுவுதற்குக் கத்தியின் அமைப்பை முதலிலிருந்து நோக்குதல் வேண்டும்.

காம்புக் கத்தியும் மடக்குக் கத்தியும்

எம் வீடுகளில் வழங்கும் கத்தி, அரிவாள் முதலியவற்றில் அலகின் அடிப்புறம் ஒடுங்கிக் காம்பாக நீண்டிருக்கும். அக்காம்பை மரப்பிடியின் துளையிற் செருகி, பிடியின் வாய்ப்புறத்தில் இரும்புப் பூண் ஒன்றை இறுக்குவர். வெட்டும்போது உண்டாகும் விசை காம்பின் நீளம் முழுவதும் பரவி மரத்தைச் சேரும். மரம் பிளவாதவாறு பூண் காக்கும். இங்கே பிடி ஒரே திண்மையான துண்டு. ஆகவே உட்டகட்டுக்கு வேலையில்லை.

மடக்குக் கத்தியின் நிலை வேறு. மடக்கிய அலகு உள்ளே நுழைந்து உறங்குதற்குப் பிடியின் நடுவே நீண்ட வெளியொன்று வேண்டும். அவ்வெளியை விட்டவுடன் பிடியானது ஒரே துண்டாய் இராது, இரு மெல்லிய சுவர்களாய்ப் பிரிந்துவிடுகின்றது. காம்பும் இல்லை, அலகின் விசை முழுவதும் சிறிய சுழலாணி ஒன்றின் வழியாகவே பிடியைச் சேரவேண்டும். நீண்ட காம்பு செய்த தொழிலை இரண்டு அல்லது மூன்று மில்லிமீற்றர் விட்டமுள்ள ஓர் ஆணி செய்யவேண்டியுள்ளது. மடக்குக் கத்தியின் இடர்ப்பாடுகள் யாவும் இவ்விரு காரணங்களினின்றே பிறக்கின்றன.

மடக்குக் கத்தி மிகப் பழையது. ஒசுத்திரியா நாட்டு ஹால்ஸ்டாற் பண்பாட்டினர் கிறித்துவுக்கு முன்னரே அதனைச் செய்தனர், உரோமரும் செய்தனர். அக்காலத்துக் கத்திகளில் அலகை நிறுத்தியது உராய்வு மட்டுமே, முதுகுவில் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செபீல்ட் நகரத்தார் முதலியோர் முதுகுவில்லைக் கையாளத் தொடங்கினர். செபீல்ட் கத்தித் தொழிலாளரின் சங்கம் 1624ஆம் ஆண்டிலேயே பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டதாகும். 1740களில் அந்நகரத்தே பெஞ்சமின் ஹன்ஸ்மன் என்பார் மூசையில் உருக்கை உருக்கி வார்க்கும் முறையை வகுத்தபின், ஒரே சீரான உருக்கு கிடைக்கலாயிற்று. அலகுக்கும் வில்லுக்கும் அது பேருதவியாயிற்று. வில் வலிமை பெறப்பெற அதனைத் தாங்கும் தகட்டின் பொறுப்பும் வளர்ந்தது.

வில்லின் விசையும் ஆணியின் பாரமும்

முதுகுவில் பிடியின் முதுகு நெடுகக் கிடப்பது. அதன் கடைப்பகுதியை ஓர் ஆணியும் நடுப்பகுதியை மற்றோர் ஆணியும் பற்றி நிற்கும். அதன் முன்முனை மட்டும் ஆணியின்றி, அலகின் அடிப்பாகத்தின்மேல் அழுத்திக்கொண்டிருக்கும். அலகைச் சுழற்றும்போது அதன் அடிப்பாகத்தின் மூலை வில்லின் முனையை மேலே தள்ளும். மூலை கடந்ததும் வில் மீண்டு விழும். நாம் கேட்கும் 'டக்' என்னும் ஒலி அதுவே.

இவ்விடத்து விசைகள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதை எமது கிணற்றுத் துலாவைக் கொண்டு எளிதில் விளக்கலாம். துலாவின் ஒருமுனையில் நீர்நிறைந்த பட்டையும் மறுமுனையில் பாரமும் தொங்க, நடுவே நிற்கும் ஆடுகால் அவ்விரு பாரங்களின் கூட்டுத்தொகையைத் தாங்குகின்றது. வில்லுக்கத்தியிலும் அவ்வாறே. வில்லின் முன்முனை அலகின் வழியாகச் சுழலாணியை 10 கிலோகிராம் பாரத்துக்கு நிகரான விசையுடன் ஒருபுறமாகத் தள்ளுகின்றது எனக் கொள்வோம். நடுவாணி வில்லின் சரிநடுவில் இருப்பின் கடையாணியும் அதேபுறமாக 10 கிலோகிராம் விசையைத் தாங்கும். நடுவாணியோ அவற்றுக்கு எதிர்ப்புறமாக 20 கிலோகிராம் விசையைத் தாங்கும். அலகை மடக்கிப் பையில் வைத்திருக்கும்போதும் இவ்விசை முற்றாக நீங்குவதில்லை. வில்லுக்கத்தி உறங்கும்போதும் அதன் ஆணிகள் உழைத்துக்கொண்டே இருக்கின்றன என்க.

இவ்விசையைக் கொம்போ எலும்போ தனித்துத் தாங்கவேண்டுமாயின் விளைவு யாது? எலும்பு நேரே அழுத்துவதை ஓரளவு தாங்கும். ஆனால் துளையின் விளிம்பிலிருந்து பிளந்து செல்லும் இயல்பினது. மரத்திலும் கொம்பிலும் துளை நாளடைவில் நீள்வட்டமாய்த் தேயும். துளை அரை மில்லிமீற்றர் நீண்டாலும் வில்லின் முனை அலகின் அடியோடு சரிவரப் பொருந்தாது, அலகு தளரும், ஒலி மங்கும், ஈற்றில் அலகு தானாகவே மடியத் தலைப்படும். ஆகவே ஆணிகள் மூன்றுக்கும் இடையேயுள்ள தூரம் மாறாதிருத்தல் கத்தியின் உயிர்நிலையாகும். அத்தூரத்தைக் காப்பதே உட்டகட்டின் முதற்றொழில்.

இரண்டாவது தொழில், அலகு உராயும் முகமாய் நிற்றல். அலகு திறந்து மூடுந்தோறும் அதன் அடிப்பாகத்தின் இருபக்கங்களும் பிடியின் உட்சுவரோடு உராய்கின்றன. அச்சுவர் மரமாயின் அது தேய்வதோடு அலகைச் சிலவேளை இறுகப் பற்றவுஞ் செய்யும். உலோகத் தகடாயின் உராய்வு சீராக இருக்கும். எண்ணெய் ஒருதுளி நெடுநாள் நிற்கும்.

மூன்றாவது தொழில், பிடி முறுகாமற் காத்தல். இரு தகடுகளும் அவற்றிடையே வில்லும் ஆணிகளால் இறுக்கப்பட்டபின் அவை மூன்றும் ஒரு பெட்டிபோல் ஒன்றுபட்டு நிற்கின்றன. தனித்தனியே எளிதில் வளையும் மெல்லிய தகடுகள், இடைவெளி விட்டு இணைக்கப்பட்டபோது பன்மடங்கு விறைப்புப் பெறுவது பொறியியலார் யாவரும் அறிந்ததே.

நான்காவது தொழில், நொறுங்கும் பொருள்களுக்கு முதுகு கொடுத்தல். சிப்பி, தந்தம், ஆமையோடு என்பன அழகுடையன. ஆனால் மெல்லியதாய்த் தீட்டினால் ஒடிவன. உலோகத் தகட்டின்மேல் அமர்ந்தபோதே அவை பிடியாகப் பயன்பட வல்லன. அன்றியும், சுழலாணியின் தலையைச் சுத்தியலால் அடித்துப் பரப்பும்போது அவ்வடியை எலும்பு தாங்காது. ஆதலினாற் பிடியின் முன்புறத்தே உட்டகட்டின்மேல் உலோகப் பூண் ஒன்றைப் பொருத்தி, ஆணியை அப்பூணின் வழியே செலுத்தி அடிப்பர். ஆணியும் பூணும் ஒரே உலோகமாயின், மினுக்கியபின் ஆணியின் தலை கண்ணுக்குப் புலனாகாது. தேர்ந்த தொழிலாளியின் கைவண்ணத்தை அவ்விடத்தே அறியலாம்.

பிடித்துண்டின் இயல்பு

உலோகமும் வெப்பத்தால் விரிவதன்றோ, அவ்வாறாயின் தூரம் மாறாதிருப்பது எவ்வாறு என மாணவர் வினாவுதல் கூடும். கணித்துப் பார்ப்போம். பித்தளை ஒரு பாகை சதம அளவை வெப்பத்துக்குத் தன் நீளத்தில் ஏறக்குறைய பத்து இலட்சத்தில் 19 பங்கு விரியும். 20 மில்லிமீற்றர் அகலமுள்ள தகடு 30 பாகை சூடேறினால் விரியும் அளவு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடியதாகும். இனி, அதே அகலமுள்ள மரத்துண்டை எடுத்துக்கொள்வோம். மரம் வெப்பத்தால் மாறுவதிலும் ஈரத்தால் மாறுவதே பெரிது. மழைக்காலத்து ஈரத்துக்கும் கோடைக்காலத்து வறட்சிக்கும் இடையே, நார்போகும் திசைக்குக் குறுக்கே, நூற்றுக்கு மூன்று பங்கு மாறுமாயின், அம்மாற்றம் 20 மில்லிமீற்றருக்கு 0.6 மில்லிமீற்றராகும். அஃதாவது, பித்தளையின் மாற்றத்தைப்போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு.

தந்தமும் கொம்பும் இவ்வகையில் மரத்தோடொத்தனவே. பழைய தந்தப்பிடிக் கத்திகளில் ஆணிகளைச் சூழ்ந்து கீற்றுக்கள் ஓடியிருத்தலைக் காணலாம். தந்தம் சுருங்க முயன்றபோது ஆணி அதற்கு இடங்கொடாமையால் வந்த விளைவு அது. இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். உட்டகடு பிடித்துண்டின் வெடிப்பை முற்றாகத் தடுக்க வல்லதன்று. ஆனால் பிடித்துண்டு வெடித்தாலும் கத்தியின் பொறியமைப்புக் குலையாதவாறு காக்க வல்லது. ஆடை கிழிந்தாலும் உடலுக்கு ஊறில்லை.

எல்லா ஆடையும் உடலுக்குத் தீங்கு செய்யாதன அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வழக்கில் வந்த செலுலோயிட்டுப் பிடிகள் ஆண்டுகள் செல்லச் சிதைந்து அமில ஆவியை வெளிவிடும். அவ்வாவி பித்தளை உட்டகட்டைப் பச்சையாக்கி, உருக்கு வில்லையும் அலகையும் துருவால் அரிக்கும். பழங்கத்திகளைச் சேகரிப்போர் செலுலோயிட்டுப் பிடியுள்ள கத்திகளை ஏனையவற்றிலிருந்து பிரித்து வைப்பதற்குக் காரணம் இதுவே.

உலோகத் தேர்வு

உட்டகட்டுக்கு நெடுங்காலமாகப் பயின்றுவந்த உலோகம் பித்தளை. செப்பும் நாகமுங் கலந்த இக்கலப்புலோகம் அரத்துக்கும் துறப்பணத்துக்கும் எளிதில் இணங்கும், உருக்கோடு உராயும்போது பற்றிக்கொள்ளாது, இரும்பைப்போலத் துருவேறாது. விலைகுறைந்த கத்திகளில் இரும்புத் தகடும், உயர்ந்தவற்றில் நிக்கல் வெள்ளித் தகடும் வைப்பர். நிக்கல் வெள்ளியில் வெள்ளி சிறிதும் இல்லை. அது செப்பு, நிக்கல், நாகம் என்னும் மூன்றன் கலப்பு. நிறத்தால் மட்டுமே அது வெள்ளியாயிற்று.

பித்தளைக்கும் ஒரு குறையுண்டு. இருவேறு உலோகங்கள் உப்புநீர் தோய்ந்து ஒன்றையொன்று தொட்டு நிற்குமாயின், சிறிய மின்கலம் ஒன்று தோன்றி அவற்றுள் ஒன்று விரைந்து அரிக்கப்படும். பித்தளையும் உருக்கும் சேர்ந்தவிடத்து அரிக்கப்படுவது உருக்கே. கடற்கரை வாழ்நர் தம் கத்தியை நன்னீரிற் கழுவி, ஈரம் உலர்த்தி, எண்ணெயிட்டு வைத்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். 1913ஆம் ஆண்டிலே செபீல்ட் நகரத்து ஹரி பிறியர்லி குரோமியஞ் சேர்ந்த கறையில் உருக்கைக் கண்டறிந்தபின், அலகும் வில்லும் மட்டுமன்றி உட்டகடும் அவ்வுருக்காற் செய்யப்படலாயிற்று.

பிற்காலத்தே அலுமினியக் கலப்புலோகமும் தைத்தேனியமும் வந்து சேர்ந்தன. இவற்றின் நன்மை பாரக்குறைவு. 100 மில்லிமீற்றர் நீளமும் 20 மில்லிமீற்றர் அகலமும் ஒரு மில்லிமீற்றர் தடிப்புமுள்ள தகடுகள் இரண்டின் கனவளவு 4 கன சதமமீற்றர். அவை பித்தளையாயின் ஏறக்குறைய 34 கிராமும், உருக்காயின் 31 கிராமும், தைத்தேனியமாயின் 18 கிராமும், அலுமினியமாயின் 11 கிராமும் நிறுக்கும். ஆயினும் பாரக்குறைவுக்கு விலை கொடுத்தே ஆகவேண்டும். ஒரே தடிப்புள்ள தகடுகளை வளைக்க முயன்றால், தைத்தேனியம் உருக்கினும் பாதியளவே விறைப்புடையது. அலுமினியம் மூன்றிலொரு பங்கே. விறைப்போ தடிப்பின் மும்மடிக்கு ஏற்ப உயர்வது. ஆதலின் இலேசான உலோகத்தைச் சிறிது தடித்ததாய் வைத்தால் குறை நிரம்பும். உருக்குத் தகட்டிலே ஆணித்துளைகளுக்கு அப்பாற்பட்ட இடங்களில் துளைகள் வெட்டிப் பாரத்தைக் குறைப்பதும் உண்டு.

அடுக்கும் உட்டகடும்

கத்தியில் அலகு ஒன்றாயின் இரு உட்டகடுகள் போதும். அலகுகளும் கருவிகளும் பெருகும்போது, ஒன்றையொன்று உரசாதவாறு அடுக்குக்கு அடுக்கு நடுத்தகடு வேண்டும். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு சுவிற்சர்லாந்து நாட்டுப் படைக்கத்தி. சுவீசு மாநிலத்து இபாக் என்னும் ஊரில் 1884ஆம் ஆண்டு தொழிற்சாலை தொடங்கிய கார்ல் எல்சனர், 1891ஆம் ஆண்டிலே அந்நாட்டுப் படைவீரருக்குக் கத்தி வழங்கத் தொடங்கினார். வீரர்கத்தி பாரமானது. அதனினும் இலேசானதும் கருவிகள் மிக்கதுமான கத்தியொன்றை அமைத்து, 1897ஆம் ஆண்டு யூன் மாதம் 12ஆம் நாள் அவர் அதற்கு உரிமைப்பதிவு பெற்றார். ஒரே முதுகுவில் இருபுறத்துக் கருவிகளுக்கும் பணிசெய்யுமாறு அமைத்ததே அவர் கண்ட உபாயம். வில்லின் தொகை குறைந்தது, இடம் மிஞ்சியது. அவ்விடத்தில் மேலும் கருவிகள் புகுந்தன.

இக்கத்தியின் இற்றைநாள் வடிவில் நடுத்தகடுகள் அலுமினியக் கலப்புலோகத்தாலானவை. சிவந்த வெளித்துண்டுகளோ ஆணித்தலைகளின்மேல் அழுத்திப் பொருத்தப்பட்டவை; உடைந்தால் அவற்றை நீக்கி வேறு இடலாம். வெளித்துண்டைக் கழற்றிய பின்னரும் கத்தி முழுமையாக இயங்குகின்றது. உட்டகடே உடல், பிடித்துண்டு ஆடை என நாம் முன்னர்க் கூறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உட்டகடு இல்லாத கத்தி

ஒரு கொள்கையை நிறுவுவோர் அதற்கு மாறான சான்றையும் நோக்குதல் கடன். பிரான்சு நாட்டுச் சவோய்ப் பகுதியில் 1890ஆம் ஆண்டளவில் யோசேப் ஒப்பினெல் வகுத்த மடக்குக் கத்தியில் உட்டகடு இல்லை. உருண்டையான ஒரே மரத்துண்டில் வாளால் வெளிவெட்டி, அலகை ஆணியாற் பொருத்தியதே அது. உழவரும் இடையரும் அதனை விரும்பி வாங்கினர். இன்றும் அது செய்யப்படுகின்றது. உட்டகடு இன்றியமையாதது என்னும் கூற்று இதனாற் பொய்யாகுமோ?

ஆகாது. அக்கத்தியில் முதுகுவில் இல்லை. வில் இல்லாதவிடத்து ஆணிகளை எந்நேரமும் இழுக்கும் விசையும் இல்லை. பிடியின் முதுகு வெட்டப்படாது முழுமரமாய் நிற்றலின் அதுவே விறைப்பைத் தருகின்றது. சுழலாணி நிற்கும் ஓரிடத்தில் மட்டும் விசை குவிகின்றது. அவ்விடத்தை உலோகப் பூண் ஒன்று சூழ்ந்து காக்கின்றது. 1955ஆம் ஆண்டில் அப்பூணின்மேற் சுழலும் வளையமொன்று சேர்க்கப்பட்டு, அது விரித்த அலகைப் பூட்டுவதாயிற்று. ஆகவே, விசை குவியுமிடத்து உலோகம் வேண்டும் என்னும் விதி இங்கும் செல்கின்றது. அன்றியும், மரம் நீரில் ஊறிப் பருத்தால் அலகு வெளிக்குள்ளே இறுகி வாராது. அப்போது சவோய் மக்கள் பிடியின் கடைப்புறத்தை மேசையிலே தட்டி அலகை வெளிப்படுத்துவர். உட்டகடு இல்லாமையால் வந்த குறையைக் கைப்பழக்கத்தால் நிரப்பும் வகை அது.

தகடே பூட்டாதல்

இதுவரை நாம் கண்ட உட்டகடு அசையாது நின்று தாங்குவது. அதுவே அசைந்து அலகைப் பூட்டுமாறு செய்தது அண்மைக்கால மாற்றமாகும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க மின்தொழிலாளரின் கத்திகளில், திருகாணி முடுக்கும் அலகு மடிந்து விரலை நெரியாதவாறு, உட்டகட்டின் ஒரு பகுதியைப் பிளந்து வளைத்துத் தடையாக அமைத்திருந்தனர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் செய்திப்படையினர் கொண்டிருந்த கத்தியும் அத்தகையது. 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வோக்கர் என்னும் அமெரிக்கக் கைவினைஞர் இவ்வெண்ணத்தைத் திருத்தி, முதுகுவில்லே வேண்டாதவாறு முழுமையான பூட்டாக்கினார்.

அதன் அமைப்பு இது. ஓர் உட்டகட்டின் முன்பாதியை நீளவாக்கிற் பிளந்து ஒரு நாவை உண்டாக்கி, அதனை உட்புறமாகச் சிறிது வளைத்துவிடுவர். அலகு மடங்கியிருக்கும்போது நாவு அலகின் பக்கத்தை அழுத்திக்கொண்டிருக்கும். நாவிலே பதித்த சிறு உருக்குக் குண்டு அலகின் குழியொன்றில் விழுந்து, அலகு தானாக விரியாதவாறு பிடிக்கும். அலகு முற்றும் விரிந்தவுடன் நாவு உட்புறமாகப் பாய்ந்து அலகின் அடியின் பின்னே ஆப்புப்போல் நிற்கும். அவ்வடி சிறிது சாய்வாகத் தீட்டப்பட்டிருத்தலின், தேய்வு நேர்ந்தாலும் நாவு மேலும் சிறிது உள்ளே சென்று அதனை நிரப்பும்.

எளிமையும் அழகும் உள்ள இப்பூட்டில் அஞ்சத்தக்க ஓரிடமும் உண்டு. சுழலாணியிலிருந்து 60 மில்லிமீற்றர் தூரத்தில் அலகின் முதுகை 5 கிலோகிராம் பாரம் அழுத்துகின்றது எனக் கொள்வோம். நாவு அலகைத் தாங்குமிடம் சுழலாணியிலிருந்து 6 மில்லிமீற்றர் தூரத்திலேயே உள்ளது. நெம்புகோல் விதிப்படி நாவு தாங்கவேண்டிய விசை 50 கிலோகிராம் பாரத்துக்கு நிகராகும். ஒன்று அல்லது ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டின் முனையே அதனைத் தாங்குகின்றது; அலகுக்கும் பயன்படுத்துவோனின் நான்கு விரல்களுக்கும் இடையே நிற்பது அத்தகடு ஒன்றே. சாய்வு மிகின் நாவு வழுக்கி விலகும். குறையின் ஒட்டிக்கொண்டு எளிதில் விடாது. நாவின் பின்னே மணலோ நாரோ சிக்கினால் அது முழுதும் பாயாது. பிடியை முறுக்கிப் பிடித்து உழைக்கும்போது விரலின் சதையே நாவைத் தள்ளிவிடுவதும் உண்டு. ஆகவே, பூட்டுள்ள மடக்குக் கத்தியைப் பூட்டில்லாததுபோற் கருதிப் பயன்படுத்துவதே அறிவுடைமை. அலகின் முதுகில் அழுத்துவதும், மடக்குக் கத்தியால் நெம்புவதும் தகாதன.

இம்முறையின் அடுத்த படியை வகுத்தவர் தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்கா சென்ற கிறிஸ் றீவ் ஆவார். நாவு மெல்லியதாயிருத்தலே குறையாயின், பிடித்துண்டை அறவே நீக்கி, தைத்தேனியத் தகட்டையே தடிப்பாக்கிப் பிடியாகவும் பூட்டாகவும் கொண்டால் என்ன என எண்ணி அவ்வாறே செய்தார். சூலு மொழியில் 'உழைப்பு' எனப் பொருள்படும் 'செபென்சா' என்னும் பெயருடன் 1990ஆம் ஆண்டை அடுத்து அக்கத்தி வெளிவந்தது. பல நூற்றாண்டுகளாக மறைந்து நின்ற உட்டகடு அங்கே ஆடை களைந்து வெளிப்பட்டுத் தானே பிடியாயிற்று. கையாளுவோனின் விரல்கள் தகட்டைப் பற்றும்போது நாவை அழுத்திப் பூட்டுக்குத் துணைசெய்தலும் இவ்வமைப்பின் சிறப்பு.

மடங்காத கத்தியில்

மடங்காத கத்திகளிலும் உட்டகடு என ஒன்று வழங்குவதுண்டு. முழுக்காம்பின் இருபுறத்தும் மரத்துண்டு பொருத்தும்போது இடையே மெல்லிய தாள்போன்ற பொருளொன்றை வைத்து ஒட்டுவர். பஞ்சுத்தாளை நாகக் குளோரைட்டில் தோய்த்து அழுத்தி இறுக்கிய நார்த்தகடு இதற்குப் பயன்பட்டுவருகின்றது. 1859ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் தோமஸ் ரெயிலர் உரிமைப்பதிவு பெற்ற பொருள் அது. அதன் தொழில் மடக்குக் கத்தியின் தகட்டுக்கு நேர்மாறானது. அது விறைப்புத் தருவதன்று; இணங்கிக் கொடுப்பது. உருக்குக்கும் மரத்துக்கும் இடையேயுள்ள சிறு இடைவெளிகளை நிரப்பி, மரத்தின் அசைவில் ஒருபகுதியைத் தான் ஏற்று, ஒட்டுப்பசை விட்டுப்போகாதவாறு உதவும். சிவப்பு, வெள்ளை, கறுப்பு நிறங்களில் மெல்லிய கோடாகத் தோன்றி அழகுஞ் செய்யும். ஆயினும் ஈரத்தை உறிஞ்சிப் பருப்பது அதன் குறையாதலின், சமையலறைக் கத்திகளுக்குக் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த தகட்டைப் பலர் விரும்புகின்றனர். ஒரே பெயர் பூண்ட இரு உறுப்புக்கள், ஒன்று தாங்குவதாயும் மற்றொன்று விட்டுக்கொடுப்பதாயும் இருத்தல் கருதத்தக்கது.

முடிவுரை

கத்தியொன்றை வாங்குவோரும் பழைய கத்தியைப் பேணுவோரும் இவ்வாராய்ச்சியாற் கொள்ளத்தக்க பயன் யாது? மடக்கிய கத்தியை ஒளிக்கெதிரே பிடித்து, வில்லுக்கும் உட்டகட்டுக்கும் இடையே ஒளிக்கீற்று ஊடுருவுகின்றதோ எனப் பார்த்தல் வேண்டும்; ஊடுருவின் ஆணி தளர்ந்தது எனக் கொள்க. அலகை விரித்துப் பக்கவாட்டில் அசைத்து அதன் ஆட்டத்தை அறிதல் வேண்டும். பூட்டுத்தகடாயின் நாவு அலகின் அடியோடு முழுமையாகப் பொருந்துகின்றதோ என நோக்கி, அவ்விடத்தைத் தூசின்றி வைத்தல் வேண்டும். மரையின் கொம்பாலோ எலும்பாலோ செய்த பிடித்துண்டு உடைந்துவிட்டது என்று தந்தையர் விட்டுச்சென்ற கத்தியை எறிந்துவிடுதல் தகாது. உட்டகடும் வில்லும் ஆணிகளும் பழுதின்றி இருப்பின் அக்கத்தி பழுதுபட்டதன்று. அதற்கு வேண்டுவது புதிய ஆடை ஒன்றே. தச்சுவேலை பயிலும் மாணவனும் ஒருநாளில் அதனை இட்டுக் கொடுக்கலாம்.

மாறாக, உட்டகடு தளர்ந்த கத்தி, பிடி எத்துணை அழகாயினும், நம்பத்தக்கதன்று. வாங்குவோன் காணமாட்டான் என்பதறிந்து அவ்விடத்திற் குறைசெய்தல் தொழிலாளிக்கு எளிது. குறையின் பயனை அனுபவிப்பதோ வாங்கியவனின் விரல். காணப்படாத இடத்திலும் தன் வேலையைச் செம்மையாகச் செய்து வைத்தவனையே உலகம் நல்ல தொழிலாளி எனக் கொள்கின்றது. ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள தகட்டில் அவனுடைய நேர்மை முழுவதும் அளக்கப்படுகின்றது.